கோயமுத்தூர் பால்கனியில செம்பர்வைவம் அழுகுது

குனியமுத்தூர்:
மூணாவது மாடி, மேக்கு பார்த்த பால்கனி. ஊட்டியில வாங்குன செம்பர்வைவம் (ரோசாப்பூவாட்டம் அடுக்கடுக்கா தடிச்ச இலை இருக்கற மலைச்செடி) நாலு தொட்டி. அடி இலை கண்ணாடியாட்டம் ஆகி, தொட்டா கழண்டு வருது. தண்ணி வாரம் ஒருக்காத்தான். மைனஸ் 20 டிகிரி குளிர் தாங்குற செடி, இங்க ஏனுங்க தாங்கல?

கோத்தகிரி:
குளிரைத் தாங்கறது வேற, ராத்திரிப் புழுக்கத்தைத் தாங்கறது வேறங்க. இந்த மாதிரிச் செடிக வெயிலுக்குப் பயந்து பகல்ல இலைத்துளைய மூடிக்கிட்டு, ராத்திரிதான் காத்தை வாங்கும். ஆல்ப்ஸ் மலையில கோடையிலயும் ராத்திரி குளுந்துரும். கோவையில ஏப்ரல், மே ராத்திரி 23, 24 டிகிரி. அந்தப் புழுக்கத்துல ராத்திரியும் துளையைச் சரியா திறக்க முடியாம செடி அப்படியே முடங்கிரும், வேர் தண்ணி எடுக்காது. ஊத்துனது தொட்டியிலயே நின்னு அழுக வெக்குது.

கவுத்துப் பாருங்க, வேரைச் சுத்தி தேங்காய்நார்த் தூள் உருண்டையா இருக்கும். மலையில அது சரி, இங்க அதான் எமன். முழுசா உதிர்த்துட்டு, கருத்த தண்டை வெளுப்பா தெரியற வரைக்கும் நறுக்கி, 4 நாள் நெழல்ல காயவச்சு நடுங்க. நட்டு ஒரு வாரம் தண்ணி காட்டாதீங்க.

பெருந்துறை:
கலவை: 4–8 மி.மீ. செங்கல் சல்லி 3 பங்கு, கழுவுன பெருமணல் 1, மக்குன இலை உரம் 1. சல்லியைச் சலிச்சே ஆகோணும், தூள் கலந்தா கட்டியாயிரும். 4 இஞ்ச் மண் தொட்டி, அடியில தட்டு வேண்டாம். மேக்குச் செவுரு பொழுது சாஞ்சும் அனலடிக்கும், ஒரு அடி தள்ளி வையுங்க. மார்ச்சுல இருந்து 50 சதவீத நெழல்வலை. ஐப்பசி மழைக்குக் கூரைக்கடியில.

குனியமுத்தூர்:
மாவுப்பூச்சியும் இருக்குதுங்க. வேப்பெண்ணெய் அடிக்கலாங்களா?

கோத்தகிரி:
வேண்டாங்க, இலை மேல இருக்கற மெழுகு போயி வெயில்ல கருகிரும். பஞ்சுக்குச்சியில சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு, இலை இடுக்குல பூச்சி மேல மட்டும் வையுங்க. சாயங்காலமா. 5 நாள் கழிச்சு மறுக்கா.

திருப்பூர்:
என்னதான் பண்ணுனாலும் நம்மூருல செம்பர்வைவம் மல்லுக்கட்டுதாங்க. குளிரும் வெயிலும் ரெண்டுமே தாங்கறது வேணும்னா கிராப்டோபெட்டலம் பராகுவேயென்ஸ் வையுங்க (இதும் தடிச்ச இலைச்செடிதான்; பேருல பராகுவே, சொந்த ஊரு மெக்சிகோ). கிழக்கு அமெரிக்காவோட ஒபன்ஷியா ஹியூமிஃபுசாவும் ஆகும், நம்ம சப்பாத்திக்கள்ளிக்குப் பங்காளி. பெருசா முள்ளு இல்லைன்னு வெறுங்கையில தொட்டுராதீங்க, மயிராட்டம் இருக்கற சின்ன முள்ளு ஏறுனா எடுக்கவே முடியாது. இடுக்கியில புடிச்சு நடுங்க.