குடியிருப்போரும் நடுவர்களாக இருக்கும் ஸ்டுடியோ: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அடுத்த பருவத்தில் டிசைன் ஸ்டுடியோ (மாணவர்கள் கட்டடங்களை வடிவமைத்துப் பழகும் செய்முறை வகுப்பு) எடுக்கப் போகிறேன். எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற பயத்தில் வாழும் மக்களோடு உட்கார்ந்து வரைய வேண்டும் என்பது திட்டம்.

முன்மாதிரிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகம் 1993இல் தொடங்கிய ரூரல் ஸ்டுடியோவில் மாணவர்களே அலபாமாவின் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருகிறார்கள். சிலியின் இகீகே நகரில் எலமென்டல் என்ற கட்டடக்கலைக் குழு, கின்டா மோன்ரோய் என்ற குடிசைப் பகுதி மக்களுக்கு அவர்கள் இருந்த இடத்திலேயே பாதி வீடு கட்டிக்கொடுத்து, மீதியைக் குடும்பங்களே கட்டிக்கொள்ள இடம் விட்டது. நகரத்தின் நடுவிலிருந்து அவர்களைத் துரத்தவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

என் கவலை இதுதான்: சில மாதங்களில் மாணவர்கள் மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், மக்கள் நம்பிக் காத்திருப்பார்கள். அது நியாயமே இல்லை. நீங்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? வேலையை அடுத்த அணியிடம் ஒப்படைப்பது, குடியிருப்போரை மாணவர்களின் வேலையை மதிப்பிடும் நடுவர்களாக உட்கார வைப்பது, அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் தருவது என எதைச் செய்து பார்த்திருந்தாலும் எழுதுங்கள். சரிவராமல் போனதையும் சொல்லுங்கள். அப்புறம், மதிப்பீட்டுப் படிவம் யாரிடமாவது இருந்தால் பகிர முடியுமா?