துணி முழுசா தெரியுது, ஊசியைத்தான் காணோம். கண் போனா மூளையில அந்த இடம் என்ன ஆகும்?

கடைத்தெரு_டெய்லர்:

வணக்கம். போன்ல பேசிப் பேசித்தான் இதை எழுதறேன். பிழையை மகள் திருத்தித் தந்தாள். எனக்கு வயசு 61. பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில 38 வருஷமா தையல். ரவிக்கை, ஜிப்பா, பள்ளிக்கூட உடுப்பு எல்லாம் தைப்போம். தீபாவளி நெருங்கினா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மெஷின் ஓடும்.

போன வருஷம் அப்படி ஒரு ராத்திரிதான் ரவிக்கைக்கு ஹூக் கட்ட உட்கார்ந்தேன். ஊசி கையில இருக்கு, விரலுக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியல. துணியில ஓட்டை மாதிரியோ கறுப்பாவோ தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பயந்து டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன். ஆனா மெரூன் பட்டு அதுபாட்டுக்கு முழுசா விரிஞ்சு கிடக்கு. நடுவுல இருந்த ஊசி முனையை மட்டும் யாரோ உருவிட்ட மாதிரி. கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு ரெண்டு மாசம் ஓட்டிட்டேன். அது என் தப்புதான்.

விழித்திரையோட நடுப்பகுதி, மாக்குலா, ரெண்டு கண்ணுலயும் கெட்டுப்போச்சாம். வலது கண்ணுல ரத்தம் கசிஞ்சு தழும்பாகிடுச்சு. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டாங்க (தையக்காரனுக்கு வந்த ஊசியைப் பாருங்க). ஓரம் தெரியும். பாசாருக்கு நடந்து போயிட்டு வந்திடுவேன். எதிர்ல வர்றவங்க முகம் தெரியாது, எழுத்து தெரியாது.

இப்போ கேள்வி. நாலு மாசமா வெள்ளைச் சுவரைப் பார்த்தா கட்டம் போட்ட துணி தெரியுது. சாரோங் கட்டம், இழை இழையா எண்ணலாம். கண் நல்லா இருந்த காலத்துலகூட இவ்வளவு துல்லியமா எதையும் பார்த்ததில்ல. கண்ணைத் திருப்பினா அதுவும் கூடவே வருது. ஒரு தடவை அலமாரி மேல தலைப்பாகை கட்டின குட்டி ஆளுங்க வரிசையா நின்னாங்க. சத்தம் ஒண்ணும் இல்ல. அங்க எதுவும் இல்லைன்னு எனக்கே தெரியும். வீட்டுக்காரிகிட்ட சொல்லல, தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏத்திடுவாளோன்னு பயம். ஒரு கிளினிக்ல சொல்லிப் பார்த்தேன். நல்லா தூங்குங்கன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க.

இது தொழில் பழக்கத்தால வர்றதா? இத்தனை வருஷம் ஊசி முனையையே பார்த்துக்கிட்டிருந்த இடம் மூளையில எங்கேயோ இருக்கணும்ல, அது இப்போ என்ன பண்ணுது? வேலை இல்லாம செத்துப்போகுமா, வேற வேலைக்குப் போயிடுமா?

எம்ஆர்ஐ_அக்கா:

அங்கிள், முதல் வேலையா ஆன்ட்டிகிட்ட சொல்லிடுங்க. இதுக்கு சார்ல்ஸ் போனே சிண்ட்ரோம்னு பேர். புத்தி தெளிவா இருக்கிறவங்களுக்குத்தான் வரும். நிஜமில்லைன்னு உங்களுக்கே தெரியுது, குரல் கேட்கல, கண்ணுல மட்டும் வருது. அதுதான் இதோட அடையாளம். குரல் கேட்க ஆரம்பிச்சாலோ, நிஜம்னு நம்பத் தொடங்கினாலோ அது வேற விஷயம், டாக்டர் பார்க்கணும். உங்க கண் டாக்டர்கிட்ட எப்படியும் சொல்லி வைங்க.

தொழில் பழக்கமான்னு கேட்டீங்க. இதை முதல்ல எழுதி வச்சது ஜெனீவாவில போனே, 1760-ல, அவரோட தாத்தாவைப் பத்தி. தாத்தா பேர் சார்ல்ஸ் லுல்லா, ஓய்வு பெற்ற நீதிபதி, 90 வயசை நெருங்கினவர். அவருக்கு முதல்ல வந்தது என்ன தெரியுமா? நீலக் கைக்குட்டை ஒண்ணு, மூலைக்கு மூலை சின்ன மஞ்சள் வட்டத்தோட. அவர் ஒரு பட்டன்கூட தச்சிருக்க மாட்டார். கட்டம், வலை, செங்கல் வரிசை இதெல்லாம் யாருக்கும் வரும். உங்களுக்கு அது சாரோங்காத் தெரியுது, அவ்வளவுதான்.

காரணம் பின்மண்டையில இருக்கு. கண்ணுலேர்ந்து வர்ற சேதி முதல்ல போய்ச் சேர்ற இடம் அங்கதான். கையை நீட்டி ரெண்டு முஷ்டியையும் ஒட்டி வச்சுப் பாருங்க. அந்த அகலத்துக்குள்ள தெரியறதுக்கே அந்த இடத்துல ஏறக்குறைய பாதி போயிடுது. உங்களுக்கு நின்னுபோனது அந்தப் பாதியில பெரிய பங்கு. சேதி வரலைன்னா அங்க இருக்கிற நரம்பணுக்கள் சும்மா இருக்கறதில்ல, தானாவே கிளர்ந்துக்குது. 1998-ல லண்டன்ல ஃபிட்ச் குழு இப்படிப்பட்டவங்களை ஸ்கேனர்ல படுக்க வச்சுப் பார்த்தாங்க. கலர் தோணும்போது மூளையோட கலர் பகுதியில, முகம் தோணும்போது முகத்துக்கான பகுதியில அசைவு தெரிஞ்சது. கற்பனை பண்ணிப் பார்க்கறதும் இதுவும் வேற வேற. மூளையைப் பொறுத்தவரை நீங்க பார்க்கத்தான் செய்றீங்க.

ஊசி இல்லாம துணி முழுசா தெரிஞ்சதுக்கும் பதில் இங்கதான். கண் நரம்பு வெளியே போற இடத்துல எல்லாருக்குமே ஒரு குருட்டுப் புள்ளி இருக்கு, நாம உணர்றதே இல்ல. சுத்தி இருக்கிறதை வச்சு மூளை அதை நிரப்பிடுது. உங்களுக்கு அந்த ஓட்டை பெருசு. இதனாலதான் பல பேர் லேட்டா வர்றாங்க.

வேற வேலைக்குப் போகுமாங்கறதுல பெரிய சண்டையே நடந்திருக்கு. 1992-ல கில்பர்ட்டும் வீசலும் பூனை, குரங்கு விழித்திரையில சின்னதா காயம் பண்ணிப் பார்த்தாங்க. முதல்ல அமைதியான மூளைப் பகுதி, மாசக்கணக்குல பக்கத்து இடத்துச் சேதிக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சதுன்னாங்க. 2005-ல வேற குழு குரங்குல ஏழரை மாசம் வரைக்கும் ஸ்கேன் பண்ணிட்டு, அப்படி ஒண்ணும் மாறலைன்னு சொல்லிட்டாங்க. அதே வருஷம் பேக்கர், கான்விஷர் குழு மாக்குலா போன ரெண்டு பேர்கிட்ட அந்த இடம் ஓரப்பார்வைக்கு வேலை செய்றதைக் காட்டினாங்க. 2008-ல மசூடாவும் வாண்டெல்லும் ஒரு முடிச்சை அவிழ்த்தாங்க: சும்மா படத்தைக் காட்டினா அந்த இடம் அசையல, படத்தைப் பத்தி ஒரு வேலை குடுத்தா அசைஞ்சது. மூளையோட மேல்நிலைப் பகுதிகள்லேர்ந்து சேதி கீழே இறங்குதுன்னு அர்த்தம். எனக்கு இதுதான் சரின்னு படுது. வயசானப்புறம் பார்வை போனா அந்த இடம் கொஞ்சம் மெலியும், ஆனா சாகாது. முழுசா வேற வேலைக்கும் போயிடாது.

பட்டர்வொர்த்_மருமக:

என் மாமியாருக்கும் இதேதான், செங்கல் சுவர் வரும். ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்க அவங்க. கண்ணை நல்லா சிமிட்டிட்டு இடது வலதா நாலு தடவை பார்ப்பாங்க, போயிடும். மங்கலான நேரத்துலதான் அதிகம் வருதுன்னு ஹாலுக்குப் பெரிய விளக்கா மாத்தினோம், குறைஞ்சிருக்கு. ஆன்ட்டிகிட்ட சொல்லுங்க அங்கிள், பாவம்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_விரல்:

அண்ணே, நான் 29 வயசுல முழுசா பார்வை இழந்தவன். பிரிக்ஃபீல்ட்ஸ்ல மசாஜ் வேலை. பிரெய்ல் இங்க மலேசியப் பார்வையற்றோர் சங்கத்துல படிச்சேன். கூடப் படிச்ச ஒரு பையன் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். அவன் ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள நான் நாலு வரி தாண்டியிருக்க மாட்டேன். சோம்பேறின்னு என்னையே திட்டிக்குவேன். அப்புறம்தான் ஒருத்தர் சொன்னார். சின்ன வயசுலேயே கண் போனவங்க பிரெய்ல் படிக்கும்போது பின்மண்டையில இருக்கிற பார்வைப் பகுதியும் வேலை செய்யுதாம், சடாட்டோங்கிறவர் 1996-ல கண்டது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு அம்மா பிரெய்ல் சரளமா படிச்சவங்க. பின்மண்டையில ரெண்டு பக்கமும் ஸ்ட்ரோக் வந்தது. விரல்ல உணர்ச்சி அப்படியே இருக்கு, பிரெய்ல் மட்டும் போயிடுச்சு. 14 வயசுக்கு மேல பார்வை போனவங்களுக்கு அந்தப் பகுதி அவ்வளவு கைகொடுக்கறதில்லன்னு 1999-ல கோஹன் குழு சொன்னாங்க, சடாட்டோ கணக்குல 16. படிச்சப்ப எனக்கு மனசு லேசாச்சு, சோம்பேறித்தனம் இல்லன்னு.

ஆனா பாஸ்டன்ல கண் நல்லா இருக்கிறவங்களையே அஞ்சு நாள் கட்டிப்போட்டு வச்சாங்க, கண்ணைத்தான். அதுக்குள்ளேயே தொடு உணர்ச்சிக்கு பார்வைப் பகுதி பதில் சொல்ல ஆரம்பிச்சது, கட்டை அவிழ்த்து ஒரு நாள்ல நின்னுபோச்சு. அஞ்சு நாள்ல புது நரம்பா முளைக்கும்? பழைய ஒத்தையடிப் பாதை ஒண்ணு முன்னாடியே இருந்திருக்கணும். இன்னொண்ணு, கண் கட்டின 13 பேர்ல 10 பேருக்கு உங்களை மாதிரியே உருவம் தெரிஞ்சிருக்கு. நீங்க தனியா இல்ல.

அண்ணே, உங்களுக்கு ஓரம் இருக்கே, அதை விடாதீங்க. கடிகாரம் மாதிரி நினைச்சுக்குங்க. அண்ணி முகம் நடுவுல. நீங்க முகத்தைப் பார்க்காம 12-ஐப் பாருங்க, அப்புறம் 1, 2, இப்படியே சுத்திட்டு வாங்க. எந்த மணியில முகம் கொஞ்சம் தெளியுதோ அதைப் பழகுங்க. பினாங்கிலேயே பார்வையற்றவங்களுக்கான செயின்ட் நிக்கலஸ் ஹோம் இருக்கு, விசாரிச்சுப் பாருங்க.

கடைத்தெரு_டெய்லர்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து பசியாறும்போது வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன். முழுசா கேட்டுட்டு, "நாலு மாசமா சுவரைப் பார்த்து முறைச்சுக்கிட்டிருந்தீங்களே, என் மேல கோவம்னு நினைச்சேன்"னா.

எம்ஆர்ஐ அக்கா, நிரப்பிடுதுன்னு சொன்னீங்க. நான் ரஃபு போடுறவன், கிழிசலை இழை கோத்து அடைக்கிறவன். எவ்வளவு நல்ல ரஃபுவா இருந்தாலும் வெளிச்சத்துல பிடிச்சா தெரிஞ்சிடும். அந்த ராத்திரி நான் பார்த்தது ரஃபு இல்லம்மா, நெய்தவனே திரும்ப வந்து நெய்து குடுத்த மாதிரி. அதான் ஏமாந்தேன்.

தம்பி, கடிகாரத்தைச் சுத்திட்டேன். எனக்கு 2 மணி. அங்க பார்த்தா அவ மூக்குத்தி தெரியுது. ஊசி கோக்க முடியல, அதை மகள் கோத்துத் தர்றா. ஓரம் அடிக்கிறதை விரலாலேயே பண்றேன், முன்னைவிட நேரம் ஆகுது, கோணல் இல்ல.

கட்டம் இன்னைக்கும் வந்தது. சிமிட்டிப் பார்த்தேன், போயிடுச்சு, பத்து நிமிஷத்துல திரும்பி வந்திடுச்சு. பச்சையில சிவப்புக் கட்டம். அந்தக் கலர்ல துணி எடுத்துக்கிட்டு யார் கடைக்கு வந்தாலும் வேற பாருங்கன்னு அனுப்பிடுவேன்.