பார்க்கின்சன் உள்ளவர்களோடு குழுவாக நடப்பது: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர அனுபவங்கள்

சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் உறுப்பினர்:

என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் உறுதியானதும், மாத்திரையோடு நடைப்பயிற்சியும் கட்டாயம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தனியாக நடக்க அவருக்குப் பயம். ஆகவே டர்பன் கடற்கரை நடைபாதையில் ஞாயிறு காலையில் கூடும் ஒரு சிறு குழுவில் சேர்ந்தோம். நோயுள்ளவர்களும் அவர்களுடைய வீட்டாரும் சேர்ந்து நடக்கிற அந்தக் குழுவில் நம்மவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

பேச்சுத் துணை கிடைக்கும் என்று நினைத்துத்தான் போனோம்; ஆனால் அந்தப் பேச்சே அவருடைய காலைக் கட்டிப்போட்டது. பக்கத்தில் வந்த மாமா ஒருவர் கோயில் நிர்வாகத்தைப் பற்றி ஏதோ கேட்க, இவர் பதில் சொல்லத் தொடங்கியதுமே அடிகள் சுருங்கின. குதிகால் தரையில் படாமல் முன்னோக்கிச் சாய்ந்தபடி விடுவிடுவென்று சில அடிகள் வைத்தவர், சட்டென்று இரண்டு பாதங்களும் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டார். குழுவோடு வரும் இயன்முறை மருத்துவர் காரணத்தை விளக்கினார். நமக்கு நடை தன்னால் நிகழ்கிறது. இந்த நோயில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறையும்போது, பழகிய அசைவுகளை நடத்தும் மூளைப் பகுதி தளர்ந்துபோவதால், ஒவ்வோர் அடியையும் கவனம் வைத்தே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கவனத்தைப் பேச்சு பறித்துக்கொண்டால் கால் நின்றுவிடும். அன்றிலிருந்து நடக்கும்போது பேச்சில்லை, பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் ஊர்க்கதை என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொரு நாள் இவர் அப்படி நின்றபோது, அவ்வழியாக ஓடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் உதவும் எண்ணத்தோடு கையைப் பிடித்து முன்னே இழுத்தார். உடல் சாய்ந்ததே தவிர, பாதம் அசையவில்லை. நான் இடுப்பைப் பிடித்திராவிட்டால் முகம் தரையில் பட்டிருக்கும். இழுக்கவே கூடாது என்பதை எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன். நிற்க விட வேண்டும், மூச்சை நிதானமாக விடச் சொல்ல வேண்டும், உடலின் கனத்தை இடதும் வலதுமாக மாற்றச் சொல்ல வேண்டும். பிறகு தரையில் பதித்த கற்களின் இணைப்புக் கோடு ஒன்றைக் காட்டி, அதைத் தாண்டச் சொன்னால் பெரும்பாலும் கால் வந்துவிடுகிறது. சமதரையில் தடுமாறும் இவர் படிக்கட்டில் சரளமாக ஏறுவதும் இதனால்தான் என்கிறார்கள். ஒவ்வொரு படியும் கண்ணுக்கு ஒரு கோடாகிவிடுகிறது.

கண்ணுக்குக் கோடு எப்படியோ, காதுக்குத் தாளம் அப்படி. தைப்பூசத்தில் இவர் காவடி எடுக்காமல் ஊர்வலத்தோடு மட்டும் நடந்தார். மேளம் ஒலித்த வரையில் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. மேளம் ஓய்ந்து கோயில் வாசல் வந்ததும், நிலைப்படிக்கு முன்னால் அசையாமல் நின்றுவிட்டார். குறுகலான வாசல்கள் இந்த நோயாளிகளுக்கு எப்போதுமே சிக்கல். மேளத்தோடு தடுக்காமல் நடந்ததை முருகன் அருள் என்றார்கள் உறவினர்கள். நான் மறுக்கவில்லை, ஆனால் மறுவாரம் முதல் குழுவில் எல்லாரும் ‘தகதிமி’ என்று முணுமுணுத்தபடி ஒரே தாளத்தில் அடி வைக்கிறோம்.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகே கிளம்புங்கள். அந்த மாத்திரையில் உள்ள லெவோடோப்பா என்ற மருந்து குடலில் உறிஞ்சப்படுவதற்குப் புரதம் போட்டியாக வரும் என்பதால், புரதம் நிறைந்த சுகர் பீன்ஸ் கறியும் ரொட்டியும் நடந்து முடித்துச் சற்று நேரம் கழித்துத்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஓர் உறுப்பினர்:

வணக்கம் அம்மா. பேச்சே கூடாது என்பதை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை. நோயால் என் அப்பாவின் குரல் தாழ்ந்துவிட்டது, முகத்தில் உணர்ச்சி தெரிவதில்லை. அவருக்கு எதிலும் விருப்பமில்லை என்று எண்ணி, வீட்டுக்கு வருபவர்கள் அவரிடம் பேசாமல் என்னிடமே பேசிவிட்டுப் போகிறார்கள். நடைக்குழுவில்தான் மனிதர்கள் அவரைப் பார்த்துப் பேசினார்கள். எனவே நாங்கள் பேச்சை நிறுத்தவில்லை. உடன் வருபவர் பேசுவார், அப்பா கேட்டுக்கொண்டே நடப்பார், பதில் சொல்லத் தோன்றினால் நின்று சொல்லுவார். அவர் நின்றால் குழுவும் நிற்கும். நடை நீண்டுபோகிறது என்று சிலர் முகம் சுளித்ததுண்டு; அவர்கள் முன்னால் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

பெஞ்சிலிருந்து எழும்போதும் கவனம் தேவை. எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கி அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது; பெஞ்சைப் பிடித்தபடி சற்று நின்ற பிறகே நடக்க விடுகிறோம்.

சாட்ஸ்வர்த் உறுப்பினர்:

தம்பி, நின்று பதில் சொல்வது நல்ல வழி. வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவிலும் சொல்லிப் பார்க்கிறேன். டர்பனுக்கு அப்பாவை அழைத்து வந்தால் நடைபாதையின் ஓரமாகவே நடக்க வையுங்கள், ஏனெனில் சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து மணியடித்தாலே இவர்கள் திடுக்கிட்டு நின்றுவிடுகிறார்கள். திரும்பும் இடத்தில் நின்ற நிலையில் சுழலாமல் அரைவட்டமாகச் சுற்றி வரச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் விழுந்தவர்கள் பெரும்பாலும் திரும்பும்போதுதான் விழுந்தார்கள்.