மெமரி கார்டு பழுதாகி ஹோம் அசிஸ்டன்ட் அமைப்புகள் போய்விட்டன: ஜிக்பீ கருவிகளை மறுபடி இணைக்காமல் மீட்க வழி உண்டா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில், வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் இயங்கி வந்தது. மின்தடைக்குப் பிறகு அது எழவே இல்லை. கார்டை மடிக்கணினியில் செருகினால், விண்டோஸ் அதை ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் பேசும் கருவிகள் நாற்பதுக்கு மேல் உள்ளன. அவை சிசி2652பி சில்லு கொண்ட யூஎஸ்பி டாங்கிள் (ஜிக்பீ செய்திகளை வாங்கி அனுப்பும் சிறு செருகி) வழியாக, அவற்றை ஹோம் அசிஸ்டன்டோடு இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளோடு பேசி வந்தன. புதிய கார்டில் ஹோம் அசிஸ்டன்டை நிறுவியிருக்கிறேன். டாங்கிளை இன்னும் செருகவில்லை. சில மாதங்களுக்கு முன் மடிக்கணினியில் இறக்கி வைத்த பேக்கப் கோப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகு சில சென்சார்களும் பல்புகளும் புதிதாகச் சேர்ந்தன. மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே மாட்யூல்கள் பலவும் சுவரிலுள்ள சுவிட்ச் பெட்டிகளுக்குள் இருப்பதால், ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்க வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனைத்தான் அழைக்க வேண்டியிருக்கும். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1

டாங்கிளைச் செருகாமல் வைத்திருப்பது மிகவும் நல்லது. அதை அப்படியே தனியாக வையுங்கள். உங்கள் ஜிக்பீ வலையமைப்பின் அடையாளங்களான சேனல், பான் ஐடி (வலையமைப்பின் எண்), நீட்டித்த பான் ஐடி (அதன் இன்னொரு நீண்ட எண்), 16 பைட் நெட்வொர்க் கீ (செய்திகளைப் பூட்டித் திறக்கும் ரகசியக் குறியீடு) ஆகிய நான்கும் கார்டில் மட்டுமல்லாமல் டாங்கிளின் உள்நினைவகத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. புதிதாக நிறுவிய ஜிக்பீ2எம்க்யூடிடி தனக்கென ஒரு புதிய கீயை உருவாக்கிக்கொள்ளும். பழைய கோஆர்டினேட்டர் பேக்கப் கோப்பு (டாங்கிளில் உள்ள வலையமைப்பு விவரங்களின் நகல்) அருகில் இல்லாதபோது இத்தகைய டாங்கிளை அதனிடம் கொடுத்தால், அது பழைய வலையமைப்பை அழித்துவிட்டுப் புதியதை அமைத்துவிடும். சுவருக்குள் இருக்கும் மாட்யூல்களோ பழைய கீயோடு, பதில் சொல்ல யாருமில்லாமல் காத்திருக்கும்.

முதலில் டாங்கிளை வேறொரு லினக்ஸ் கணினியில் செருகி, பைத்தானில் எழுதப்பட்ட ஜிக்பை கட்டளைக் கருவியால் அதன் வலையமைப்பு விவரங்களை ஜேசன் என்ற வடிவிலான ஓர் உரைக்கோப்பாக எடுத்து வையுங்கள். இது வெறும் வாசிப்புதான். டாங்கிளில் எதையும் மாற்றாது. அந்தக் கோப்பில் எண்கள் பதினாறடிமானத்தில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை) இருக்கும், ஜிக்பீ2எம்க்யூடிடியின் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிகரேஷன் கோப்பிலோ பெரும்பாலும் தசம எண்களாக இருக்கும். எடுத்துக்காட்டாக, பலருடைய வீட்டிலும் இயல்பு மதிப்பாகவே இருக்கும் 1ஏ62 என்ற பான் ஐடி, அங்கே 6754 என்று காணப்படும்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். டாங்கிளில் வலையமைப்பு இருக்கிறதே தவிர, எந்த முகவரியில் எந்த வகைக் கருவி இருக்கிறது என்ற முழு விவரம் அங்கே இல்லை. அது ஜிக்பீ2எம்க்யூடிடியின் டேட்டாபேஸ் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு இல்லையென்றால், கீ சரியாக இருந்தாலும், வரும் செய்திகளை அறிமுகமில்லாத கருவியிடமிருந்து வந்தவை என்று மென்பொருள் ஒதுக்கிவிடும். ஆகவே பழைய கார்டை இன்னும் தூக்கி எறியாதீர்கள். விண்டோஸ் அதை ஃபார்மேட் செய்யச் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஹோம் அசிஸ்டன்டின் தரவுப் பகுதி, லினக்ஸ் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 வகையைச் சேர்ந்ததாதலால், நல்ல கார்டைச் செருகினாலும் விண்டோஸ் அப்படித்தான் கேட்கும். லினக்ஸில், பழுதான கார்டுகளை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ கருவி கொண்டு கார்டு முழுவதையும் அச்சு அசலாக ஒரே கோப்பாக நகலெடுத்துவிட்டு, அந்த நகலில் மட்டுமே தேடுங்கள். பழுதான கார்டைத் திரும்பத் திரும்பப் படித்தால் மிச்சமிருப்பதும் போய்விடக்கூடும். ஹாஸ்ஓஎஸ்-டேட்டா என்ற பகுதிக்குள் சூப்பர்வைசர், அதற்குள் ஹோம்அசிஸ்டன்ட், அதற்குள் ஜிக்பீ2எம்க்யூடிடி என்ற கோப்புறை இருக்கும்.

மடிக்கணினியிலுள்ள பேக்கப், 2025.1 பதிப்பில் வந்த தானியங்கி முறையில் எடுக்கப்பட்டதென்றால் அது பூட்டப்பட்டிருக்கக்கூடும். அதைத் திறக்கும் குறியீடு, அப்போது இறக்கிக்கொள்ளச் சொன்ன அவசர உதவிக் கோப்பில் இருக்கும். டவுன்லோட்ஸ் கோப்புறையில் தேடிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. டாங்கிளிலிருந்து விவரங்களை எடுத்துவிட்டேன். பேக்கப்பின் குறியீடும் கிடைத்தது. கார்டின் நகலில் கான்ஃபிகரேஷன் கோப்பும் ஆட்டோமேஷன் (தானாக இயங்கும் கட்டளைகள்) கோப்பும் முழுதாக இருக்கின்றன, ஆனால் டேட்டாபேஸ் கோப்பு வெறும் பூஜ்ய பைட்டாக நிற்கிறது. பழைய பேக்கப்பில் உள்ள டேட்டாபேஸைப் பயன்படுத்தலாமா? அதே பேக்கப்பில் பழைய கோஆர்டினேட்டர் பேக்கப் கோப்பும் இருக்கிறது. அதையும் டாங்கிளில் ஏற்ற வேண்டுமா?

மறுமொழி 2

டேட்டாபேஸைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கோஆர்டினேட்டர் கோப்பை மட்டும் டாங்கிளில் ஏற்ற வேண்டாம். ஜிக்பீயில் அனுப்பப்படும் ஒவ்வொரு செய்திக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண் உண்டு. தான் கடைசியாகக் கண்ட எண்ணைவிடக் குறைந்த எண்ணோடு வரும் செய்தியை, யாரோ பழைய செய்தியைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கருதிக் கருவி புறக்கணித்துவிடும். உங்கள் டாங்கிளில் இன்றைய எண் அப்படியே இருக்கும்போது, சில மாதங்களுக்கு முந்தைய எண்ணை அதன்மேல் எழுதுவது இல்லாத சிக்கலை வரவழைப்பதாகும். டாங்கிளே பழுதானவர்களுக்குத்தான் அந்தக் கோப்பு தேவை. அப்போதும் எண்ணைக் கூட்டி எழுத வேண்டும்.

இனி வரிசை இது. பழைய பேக்கப்பை ஹோம் அசிஸ்டன்டில் ஏற்றுங்கள். அது முடிந்து ஜிக்பீ2எம்க்யூடிடி தானாகத் தொடங்கியிருந்தால் நிறுத்துங்கள். கார்டிலிருந்து மீட்ட கான்ஃபிகரேஷன், ஆட்டோமேஷன் கோப்புகளைப் பழையவற்றின் இடத்தில் வையுங்கள். டாங்கிளில் எடுத்த நான்கு விவரங்களும் கான்ஃபிகரேஷனில் உள்ளவையும் ஒன்றுதானா என்று எண் எண்ணாக ஒப்பிடுங்கள். அதன் பிறகே டாங்கிளைச் செருகித் தொடங்குங்கள். பேக்கப்பிற்குப் பின் சேர்ந்த கருவிகளை மட்டும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். அவற்றுக்கு நீங்கள் வைத்த பெயர்கள் கான்ஃபிகரேஷன் கோப்பில் கருவியின் நிரந்தர முகவரியோடு சேர்த்து எழுதப்பட்டிருப்பதால், இணைத்தவுடன் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆட்டோமேஷன்களும் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும்.

கேள்வி கேட்டவர்

தொடங்கிவிட்டது. சுவிட்ச் பெட்டிகளில் உள்ள மாட்யூல்கள் அனைத்தும் உடனே பதில் தந்தன. புதிய பல்புகளை இணைத்ததும் பழைய பெயரிலேயே வந்தன. ஆனால் பட்டன் செல்லில் இயங்கும் கதவு சென்சார்கள் சில, பழைய டேட்டாபேஸில் இருந்தும்கூட, இன்னும் எந்தத் தகவலும் அனுப்பவில்லை. மாடியில் உள்ளவையே அதிகம்.

மறுமொழி 1

அந்தச் சென்சார்கள் பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டிருப்பவை. கதவு திறக்காதபோது ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் தம் நிலையைச் சொல்லும் வகைகளும் உண்டு. அதிலுள்ள சிறு பட்டனை ஒரு முறை மட்டும் அழுத்தி எழுப்பிப் பாருங்கள். நீண்ட நேரம் அழுத்தினால் அது இணைப்பையே மறந்துவிடும். அதற்கும் அசையாதவற்றை, அருகில் இருக்கும் மின்சாரத்தில் இயங்கும் மாட்யூல் வழியாக மட்டும் இணைப்பை அனுமதித்து, அது மாட்டியிருக்கும் இடத்திலேயே வைத்து மறுபடி இணையுங்கள்.

மாடியில்தான் சிக்கல் அதிகம் என்பதால் இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது: டாங்கிளை இப்போது எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள்? நீல நிற யூஎஸ்பி 3 துளையும் அதில் இணைந்த ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும். ஜிக்பீயும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது.

கேள்வி கேட்டவர்

நீலத் துளையில்தான் இருந்தது. முன்பு ஒரு நீட்டிப்பு வடத்தோடு கருப்புத் துளையில் இருந்ததை இம்முறை நேரடியாகச் செருகிவிட்டேன். பழையபடி மாற்றியதும் மாடிச் சென்சார்கள் ஒவ்வொன்றாகத் தகவல் தரத் தொடங்கின. மொட்டைமாடிக் கதவில் உள்ள ஒன்றுக்கு மட்டும் செல்லை மாற்ற வேண்டியிருந்தது.