ஆர்எக்ஸ்ஸெட் புகைக்குழாயில் விழுந்த ஒடுக்கை வீட்டிலேயே எடுக்க முடியுமா?

கேள்வி: புக்கிட் மெர்தாஜாம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். பிறை தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில் என் தந்தையார் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ்ஸெட் மோட்டார் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. சென்ற மாதம் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தபோது, பின்னோக்கி வந்த உறவினரின் கார் தட்டியதில் வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து, சாக்கடையின் சிமெண்டு விளிம்பில் புகைக்குழாய் மோதிவிட்டது. குழாயின் அகன்ற வயிற்றுப் பகுதியில் வாத்து முட்டை அளவுக்கு, ஒரு சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமான ஆழத்தில் ஒடுக்கு விழுந்திருக்கிறது. இதைத் தவிர, என்ஜினிலிருந்து குழாய் இறங்கும் முதல் வளைவின் அடியில் பழைய ஒடுக்கு ஒன்றும் உண்டு. அது எப்போது விழுந்தது என்று அப்பாவுக்கே நினைவில்லை. எனக்கு உறுத்துவது வயிற்றில் விழுந்த புதிய ஒடுக்குதான்.

காணொளிகளில் பார்த்தபடி வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடேற்றி, உடனே பனிக்கட்டியை வைத்துத் தேய்க்கும் முறையை மூன்று மாலைகள் செய்து பார்த்தேன், குழாய் அசையவில்லை. அடுத்ததாக, இரண்டு வாயையும் அடைத்துக் காற்றை ஏற்றி, தீச்சுடரால் சூடேற்றினால் ஒடுக்கு தானாக வெளியே வரும் என்கிறார்கள். லாரி டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஒன்று மச்சானிடம் இருக்கிறது. எவ்வளவு அழுத்தம் வைக்கலாம்? இந்த ஒடுக்கால் வண்டியின் ஓட்டம் கெடுமா? குழாயின் முலாம் ஏற்கெனவே பாதி உரிந்துவிட்டதால் பளபளப்பு போய்விடும் என்ற கவலை எனக்கு இல்லை.

பதில் 1: பட்டர்வொர்த் பட்டறைக்காரர்

தம்பி, முதலில் அந்தப் பனிக்கட்டி வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார் கதவின் மெல்லிய தகட்டில், மடிப்பு விழாமல் வெறுமனே உள்வாங்கிய ஒடுக்குகள் சில அப்படி வெளியே வருவதுண்டு. புகைக்குழாயோ தினமும் கொதித்து, பினாங்கு மழையில் நனைந்து ஆறுகிற பொருள். சூடும் குளிர்ச்சியும் மட்டுமே ஒடுக்கை எடுத்துவிடும் என்றால், பாலத்தில் மழையோடு நான்கு முறை போய்வந்தாலே உங்கள் குழாய் நேராகியிருக்க வேண்டும். உறிஞ்சு கிண்ணம் வைத்து இழுக்கும் முறையும் இப்படித்தான். வளைந்த இரும்பில் அந்தக் கிண்ணம் பிடித்து நிற்பதே கடினம்.

அடுத்து, உங்களுக்கு உறுத்தும் ஒடுக்கும் என்ஜினுக்கு உறுத்தும் ஒடுக்கும் வேறு வேறு. உங்கள் ஆர்எக்ஸ்ஸெட்டில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் என்ஜின், அதாவது பிஸ்டனின் இரண்டே ஓட்டங்களில் ஒரு சுற்றை முடிப்பது. அதில் புகைக்குழாய் வெறும் புகைபோக்கி அன்று. எரிந்த வாயு வெளியேறும்போது ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடி, விரியும் கூம்பையும் பிறகு குறுகும் கூம்பையும் சந்தித்துத் திரும்பி வந்து, சிலிண்டரின் வெளியேற்று வாயில் மூடுவதற்கு முன் வழிந்துபோன புதிய பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இந்த அலையின் நேரத்தை நிர்ணயிப்பதில் கூம்புகளின் நீளமும் சரிவும்தான் பெரும்பங்கு வகிக்கின்றன. வயிற்றுப் பகுதியில் வாத்து முட்டை அளவு இடம் குறைந்தால் மொத்தக் கொள்ளளவில் அது மிகச் சிறிய பங்கு; ஓட்டும்போது உங்களுக்குத் தெரியவே தெரியாது. முதல் வளைவு அப்படிப்பட்டதன்று. அங்கே குழாய் குறுகலானது. அதே அளவு ஒடுக்கு அங்கே விழுந்தால் வழியில் கணிசமான பங்கை அடைத்துவிடும். அதைவிட ஆபத்தானது வால் முனையிலுள்ள மெல்லிய குழாய் நசுங்குவது. வெளியேற வேண்டிய வாயு தேங்கி, வெப்பம் பிஸ்டன் மேல் ஏறும். ஆகவே குழாயைக் கழற்றியதும் வாலைப் பாருங்கள், பிறகு வளைவைப் பாருங்கள், கடைசியில் வயிற்றைப் பாருங்கள்.

வளைவில் உள்ள ஒடுக்கைக் காற்றில்லாமலே எடுக்கலாம். பித்தளைக் குடத்தில் ஒடுக்கு எடுப்பவரைச் சிறு வயதில் பார்த்திருந்தால் உங்களுக்கு உடனே புரியும்: வளைந்த கம்பியைக் குடத்துக்குள் விட்டு, அதன் முனை ஒடுக்கின் அடியில் படும்படி வைத்து நெம்புவார். இங்கேயும் அதே வேலைதான். குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே சிறிய எஃகுக் குண்டை, வளைவுக்கு ஏற்ப வளைத்த தடித்த கம்பியின் முனையில் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். ஒடுக்கின் விளிம்பைச் சிவக்கச் சூடேற்றிக்கொண்டே, குண்டை உள்ளேயிருந்து நெம்ப வேண்டும். ஒரே குண்டால் முடிக்கப் பார்க்காமல், சிறியதில் தொடங்கிப் பெரியதுக்குப் போனால் குழாய் கிழியாது. தனிக் குண்டைத் தட்டி உள்ளே அனுப்பிவிடாதீர்கள். அது வயிற்றுக்குள் விழுந்து, பிறகு கிலுகிலுப்பை ஆட்டுவதே உங்கள் வேலையாகிவிடும்.

வயிற்றுக்குக் காற்று முறை உண்மையில் வேலை செய்கிறது, நானே செய்கிறேன். ஆனால் லாரிக் கம்ப்ரசர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பயம் வந்தது. குழாய் வாயின் விட்டம் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர சென்டிமீட்டர். ஒரு பார் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம்; ஆகவே 2 பார் அழுத்தத்தில் அந்த அடைப்பை 25 கிலோ எடை வெளியே தள்ளும். அழுத்தச் சீராக்கி இல்லாமல் 8 பார் ஏறிவிட்டால் அது 100 கிலோ. ரப்பர் அடைப்பையும் கம்பிக் கட்டையும் நம்பி அதற்கு எதிரே நிற்பது துப்பாக்கி வாய்க்கு எதிரே நிற்பதுபோல. காற்று அமுங்கக்கூடியது என்பதால், ஏதாவது ஒன்று பிய்த்துக்கொண்டால் உள்ளே சேர்ந்திருந்த சக்தி முழுவதும் ஒரே நொடியில் வெளிவரும்.

நான் செய்யும் விதம் இது. என்ஜின் பக்க வாயின் பட்டைக்குத் தடித்த இரும்புத் தகடு வெட்டி, கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வைத்து, மரையாணிகளால் முடுக்குவேன். வால் பக்கத்துக்கும் தகடுதான். இரண்டு தகடுகளையும் நீண்ட மரைக்கம்பிகளால் ஒன்றோடொன்று பிணைப்பேன். ஒரு தகட்டில் காற்றுக்குழாயின் இணைப்பும், அழுத்தம் கூடினால் தானே திறக்கும் வால்வும் இருக்கும். அந்த வால்வு இல்லாமல் தொடவே கூடாது, ஏனெனில் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் தானாக ஏறும். 1 பாரில் தொடங்குவேன். 2 பாரைத் தாண்டியதில்லை. வாத்து முட்டை அளவு ஒடுக்கின் மேல் 2 பார் என்றால் 40 கிலோ எடை உள்ளிருந்து தள்ளுகிறது என்று பொருள். குளிர்ந்த இரும்பு அதற்கு அசையாது; சிவந்த இரும்பு அசையும்.

சூட்டை ஒடுக்கின் நடுவில் கொடுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஒடுக்கைப் பூட்டி வைத்திருப்பது அதன் ஓரத்து மடிப்பு. சுடரை ஓரத்தில் வட்டமாக ஓட்டி, மடிப்பு சிவந்து இளகத் தொடங்கியதும் மெல்ல உள்நோக்கி வர வேண்டும். கையை ஓரிடத்தில் நிறுத்தினால் அந்தப் புள்ளி மட்டும் கொப்புளம்போல் வெளியே புடைத்துக்கொள்ளும். பிறகு அந்தக் கொப்புளத்தை உள்ளே தள்ளுவது ஒடுக்கை எடுப்பதைவிடப் பெரிய வேலை. சமையல் வாயுச் சுடருக்கு இந்தச் சூடு எளிதில் வராது; ஆக்சிஜன்-அசிட்டிலீன் சுடர் சில நிமிடத்தில் கொண்டுவந்துவிடும்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் குழாயின் உள்சுவரில் எண்ணெய்க் கரி பல ஆண்டுகளாகப் படிந்திருக்கும். அதன்மேல் சூட்டையும் காற்றையும் சேர்த்துக் கொடுத்தால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, கரி கழன்று வரும்வரை அலசி, நன்றாகக் காயவைத்த பிறகே சுடரை அருகில் கொண்டுபோக வேண்டும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியத்தின்மேல் இந்தக் கரைசல் படவே கூடாது. வால் முனையின் உள்குழாய் கழற்றக்கூடியதாக இருந்தால் முன்னதாகவே கழற்றிவிடுங்கள்.

வரிசை வீட்டின் முன்வாசலில் செய்யும் வேலையாக இது எனக்குத் தோன்றவில்லை. கழற்றுவது, கரி எடுப்பது, திரும்ப மாட்டுவது எல்லாம் வீட்டில் செய்யுங்கள். சுடர் வேலைக்கு மட்டும் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.

பதில் 2: ஆயர் ஈத்தாம் வாசகர்

அண்ணன் சொன்ன காற்று முறைக்குப் பயந்து, நான் தண்ணீரை உறையவைக்கும் முறையில் இறங்கியவன். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது என்பதால், குழாய் முழுவதும் தண்ணீர் நிரப்பி, இரு வாயையும் இறுக அடைத்து உறையவைத்தால் ஒடுக்கு உள்ளிருந்து தள்ளப்படும். குளிர்நாட்டுக்காரர்கள் இரவில் வெளியே வைத்துவிட்டுத் தூங்கலாம். நம் ஊரில் வைத்தால் தண்ணீர் சூடாகத்தான் ஆகும். ஐஸ்கிரீம் வைக்கும் நீளப்பெட்டி ஒன்று கிடைத்ததால் முயன்று பார்த்தேன்.

முதல் முறை ஒடுக்கில் பாதி வந்தது. அந்த மகிழ்ச்சியில் இரண்டாம் முறையும் வைத்தேன். மறுநாள் காலையில் ஒடுக்கு அப்படியே இருக்க, கூம்பும் வயிறும் சேரும் பற்று (பற்றவைத்த இணைப்பு) இரண்டு அங்குலத்துக்குப் பிளந்திருந்தது. பனிக்கட்டிக்கு நம் ஒடுக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது. எது மிக வலுவிழந்திருக்கிறதோ அதைத்தான் அது முதலில் தள்ளும். பழைய குழாயில் அது பெரும்பாலும் துருப்பிடித்த பற்றுதான். பிளந்ததைப் பற்றவைக்க நான் கொடுத்த பணத்துக்கு ஒடுக்கை இரண்டு முறை எடுத்திருக்கலாம். இருந்தாலும், பற்று உறுதியாக உள்ள புதிய குழாய்க்கு ஒரே ஒரு சுற்று என்றால், தீயில்லாத இந்த வழி மோசமில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன். ஒரு சொட்டுக் காற்றிடம்கூட உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் பனிக்கட்டி அந்த இடத்தை நிரப்பிவிட்டு நின்றுவிடும்.

பதில் 3: பாயான் லெப்பாஸ் வெல்டர்

மேலே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சூடேற்றுவதற்கோ பற்றவைப்பதற்கோ முன்னால், எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்காக பிரேக் கிளீனரைத் தெளிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் உள்ள வகை, சுடரிலும் வெல்டிங் ஒளியிலும் சிதைந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். சில துளிகள் மிச்சமிருந்தாலே ஆளைக் கிடத்திவிடக்கூடிய வாயு அது. சவர்க்காரமும் வெந்நீரும் போதும். துத்தநாகம் பூசிய தகட்டைச் சூடேற்றினாலும் வெள்ளைப் புகை எழும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்க்காய்ச்சல்போல் உடம்பு நடுங்கும். திறந்த வெளியில், புகை முகத்துக்கு வராதபடி நின்று வேலை செய்யுங்கள்.

சாதாரணக் குச்சி வெல்டிங்கால் ஆணியை ஒட்டி இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இவ்வளவு மெல்லிய தகட்டில் ஓட்டைதான் விழும். ஓட்டை விழுந்தால் சத்தமும் கூடும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சோதனையில் அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பதில் 4: நிபோங் தெபால் வாசகர்

என்னுடையது யமஹா ஒய்15 மோட்டார், ஃபோர்-ஸ்ட்ரோக். சைலன்சரின் வெளிப்பக்கத்தில் ஒடுக்கு. இதே காற்று முறை எனக்கும் பொருந்துமா?

பதில் 5: பட்டர்வொர்த் பட்டறைக்காரர்

பொருந்தாது. உங்கள் சைலன்சருக்குள் தடுப்பறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. உள்ளிருந்து தள்ளினாலும் வெளித்தகட்டுக்கு அந்த அழுத்தம் நேராக வந்து சேராது. புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிஸ்ட் உள்ள குழாயைச் சுடரால் சிவக்க வைத்தால் அதுவும் கெடும். உள்ளே எதுவும் கழன்று ஆடாதவரை அது வெறும் தோற்றக் குறைதான். பார்க்கச் சகிக்கவில்லை என்றால், கார் தகட்டு வேலை செய்யும் பட்டறையில் சிறு ஊசிகளை ஒட்டி இழுக்கும் கருவி இருக்கும். இழுத்து, தேய்த்து, பூச்சு அடித்துக்கொடுப்பார்கள். டைட்டானியக் குழாய் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அதைச் சுடரில் காட்டவே காட்டாதீர்கள்; செஞ்சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

பதில் 6: புக்கிட் மெர்தாஜாம் வாசகர்

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். குழாயைக் கழற்றுவதற்கே ஒரு நாள் ஆனது. துருப்பிடித்த மரைகளுக்கு முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் எதுவும் ஒடியவில்லை. வால் நன்றாக இருந்தது. வளைவுக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது, வெளியிலிருந்து விரல்நுனி அளவே தெரிந்த பழைய ஒடுக்கு, உள்ளே வழியில் ஏறக்குறைய கால் பங்கை அடைத்திருந்தது. அண்ணன் சொன்னபடி கரியை எடுத்துவிட்டு, குழாயைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மூன்று குண்டுகளில் வளைவு விரிந்துவிட்டது. வயிற்றின் ஒடுக்கு 1.5 பாரிலேயே வந்தது. மடிப்பு இருந்த இடத்தில் நகம் கீறியதுபோல் ஒரு கோடு மட்டும் நிற்கிறது. இரண்டுக்கும் சேர்த்து 70 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன்.

புதிய கேஸ்கட் போட்டு, வெப்பம் தாங்கும் கறுப்புப் பூச்சு இரண்டு கை அடித்து மாட்டியிருக்கிறேன். கீழ் வேகத்தில் முன்பிருந்த தடுமாற்றம் குறைந்திருக்கிறது. அது வளைவு திறந்ததாலா, கரி போனதாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: முதல் இரண்டு ஓட்டங்களிலும் குழாயின் மேற்பரப்பிலிருந்து வெண்புகை வந்தது.

பதில் 7: பட்டர்வொர்த் பட்டறைக்காரர்

அது பூச்சு இறுகும் புகை, தம்பி. பத்து நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள், பிறகு இருபது நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள், நின்றுவிடும். அடுத்த வாரம் குழாயின் மரைகளை ஒருமுறை முடுக்கிப் பாருங்கள், புதிய கேஸ்கட் சூட்டில் சற்று அமுங்கியிருக்கும்.