இடைவெளி உள்ள கோப்புப் பெயரை உடைப்பது ஃபார் லூப்பா, மேற்கோள் இல்லாத மாறியா?

வைகைக்கரையான் எழுதியது:

கடந்த ஞாயிற்றுக்கிழமை மதுரையில் நடந்த லினக்ஸ் வகுப்புக்குப் போய் வந்த பையன் ஒருவன் தன் குறிப்பேட்டை என்னிடம் காட்டினான். "கோப்புப் பெயரில் இடைவெளி வைப்பவர்தான் குற்றவாளி. ஃபார் லூப்பில் நட்சத்திரம் போட்டாலே ஷெல் அந்தப் பெயரை இடைவெளியில் உடைத்துவிடும். எல்லாப் பெயரிலும் அடிக்கோடு போடுங்கள், மேற்கோள் குறியே தேவைப்படாது" என்று அதில் எழுதியிருந்தது. முதல் வாக்கியம் ஒருவருடைய கருத்து என்று விட்டுவிடலாம். இரண்டாவது வாக்கியம் பொய். ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்; நட்சத்திரம் என்றால் அதற்கு "இங்குள்ள எந்தப் பெயரும்" என்று பொருள்; ஃபார் லூப் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக ஒரு மாறியில் போட்டு ஒரே வேலையைத் திரும்பச் செய்யும். நட்சத்திரத்தை ஷெல் விரிக்கும்போது ஒவ்வொரு பெயரும் முழுதாகவே மாறிக்குள் வருகிறது; விரித்த பிறகு அதை மறுபடி யாரும் பிரிப்பதில்லை. அந்த மாறியை, அதாவது டாலர் எஃப் என்பதை, இரட்டை மேற்கோள் இல்லாமல் அடுத்த கட்டளையில் வைக்கிறோமே, அங்கேதான் இடைவெளி, டேப், புதுவரி ஆகிய மூன்றையும் வெட்டுமிடமாக எடுத்துக்கொண்டு ஷெல் பெயரைத் துண்டாக்குகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2019 சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், நான் வேலை பார்த்த ஒரு ஸ்டூடியோவில் "திருக்கல்யாணம்" என்று ஒரு கோப்புறையும் "திருக்கல்யாணம் பழையது" என்று இன்னொன்றும் இருந்தன. முதலாவதில் தேர்ந்தெடுத்துத் திருத்திய படங்கள், இரண்டாவதில் கழித்துப்போட்ட படங்கள். பழையது என்று முடியும் கோப்புறைகளை எல்லாம் அழிக்க நட்சத்திரம் போட்டு ஒரு லூப் எழுதினேன். உள்ளே, எதையும் கேட்காமல் அழிக்கும் ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் கட்டளை, அதன் பக்கத்தில் மேற்கோள் இல்லாத மாறி. லூப் சரியான கோப்புறையைத்தான் பிடித்தது. ஆர்எம் கையில் சேர்ந்ததோ "திருக்கல்யாணம்", "பழையது" என்ற இரண்டு சொற்கள். முதலாவது இருந்தது, போய்விட்டது. இரண்டாவது அப்படி ஒன்றும் இல்லை. மைனஸ் எஃப் கொடுத்திருந்ததால் ஆர்எம் முனகக்கூட இல்லை. கழித்த படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. இரண்டு மேற்கோள் குறி போட்டிருந்தால் நடந்திருக்காது.

சிம்மக்கல் சர்வர் எழுதியது:

அந்த வகுப்பை எடுத்தவன் நான்தான். என்னிடம் நேரில் கேட்காமல் பையனின் குறிப்பேட்டை வைத்துப் பொதுவில் என்னைப் பொய்யன் ஆக்கியிருக்கிறீர்கள். 22 வருடமாக சர்வர்களைப் பார்த்துக்கொண்டு வருகிறேன், என் கோப்பு ஒன்றில்கூட இடைவெளி கிடையாது, என் ஸ்கிரிப்ட் ஒன்றும் இதுவரை உடைந்ததில்லை. யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொதுத் தரமான பாசிக்ஸ், எங்கும் செல்லும் பெயர்களுக்கென்று 65 எழுத்துகளைத்தான் வரையறுத்திருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, பத்து இலக்கம், புள்ளி, அடிக்கோடு, சிறுகோடு. இடைவெளி அதில் இல்லை. 2001-இல் ஐடியூன்ஸ் 2.0 நிறுவியை மாக் கணினிகளில் ஓட்டியவர்களில், வட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலர் தங்கள் தரவுகளை இழந்தார்கள். இடைவெளி இல்லாதிருந்தால் இழந்திருப்பார்களா?

லூப் உடைக்கும் என்பதை வகுப்பிலேயே ஓட்டிக் காட்டினேன். "தேரோட்டம் கீழமாசி வீதி", "தேரோட்டம் தெற்குமாசி வீதி", "தேரோட்டம் மேலமாசி வீதி" என்று மூன்று படங்கள். திரையில் வந்தது ஒன்பது வரி. முப்பது பேர் பார்த்தார்கள், தம்பி.

வைகைக்கரையான் எழுதியது:

ஒன்பது வரி வந்தது என்றால் நீங்கள் ஓட்டிய கட்டளையில் வெறும் நட்சத்திரம் இல்லை. அந்த வரியை இங்கே அப்படியே எழுதுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

65 எழுத்து என்கிறீர்கள், சரி. அந்த 65-இல் தமிழ் எழுத்து எது? "தேரோட்டம்" என்று பெயர் வைத்த அந்த நிமிடமே நீங்களும் அந்தப் பட்டியலைத் தாண்டிவிட்டீர்கள். இடைவெளிக்கு மட்டும் தரத்தைக் காட்டி, தமிழுக்குக் காட்டாமல் விடுவது எந்த ஊர் நியாயம்? அதே பாசிக்ஸின் இன்னொரு பக்கத்தில், கோப்புப் பெயரில் சாய்கோடும் சுழி பைட்டும் (மதிப்பு பூஜ்யமான பைட்) தவிர எதுவும் இருக்கலாம் என்றும் இருக்கிறது. ஐடியூன்ஸ் நிறுவியில் விடுபட்டிருந்ததும் மேற்கோள் குறிதான். வட்டுக்குத் தனக்குப் பிடித்த பெயரை வைத்தவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம்.

திருமங்கலத்தான் எழுதியது:

இரண்டு பேரும் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் எங்கே வெட்டுவது என்று ஷெல்லுக்குச் சொல்லும் ஐஎஃப்எஸ் என்ற மாறியைப் புதுவரி மட்டும் என்று மாற்றிவிட்டால் இடைவெளியில் எதுவும் உடையாது, மேற்கோளும் வேண்டாம், அடிக்கோடும் வேண்டாம். பதினொரு வருடமாக என் ஸ்கிரிப்ட்டுகள் இப்படித்தான் ஓடுகின்றன.

வைகைக்கரையான் எழுதியது:

பதினொரு வருடமாக உங்கள் கோப்புறையில் சதுர அடைப்புக்குறி உள்ள பெயர் வரவில்லை என்றுதான் அதற்குப் பொருள். மேற்கோள் இல்லாத மாறிக்கு ஷெல் இரண்டு வேலை செய்கிறது: முதலில் வெட்டுகிறது, பிறகு கிடைத்த துண்டில் நட்சத்திரம், கேள்விக்குறி, சதுர அடைப்பு இருந்தால் அதை ஒரு மாதிரி வடிவம் என்று எண்ணி விரிக்கிறது. ஐஎஃப்எஸ்ஸை மாற்றினால் முதல் வேலை மட்டுமே அடங்கும். "அழகர் 2" என்ற படமும், சதுர அடைப்புக்குள் 2 போட்டு "அழகர் [2]" என்று இன்னொரு படமும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அடைப்புக்குறி உள்ளதை அழிக்கச் சொல்லி மேற்கோள் இல்லாமல் மாறியைக் கொடுங்கள். ஷெல் அந்த அடைப்பை "2 என்ற ஓர் எழுத்து" என்று படிக்கும். அதற்குப் பொருந்துவது முதல் படம். போவதும் முதல் படம்தான். காலியான கோப்புகளை வைத்து இப்போதே செய்து பாருங்கள்.

சிம்மக்கல் சர்வர் ஐயா, அந்த வரி இன்னும் வரவில்லை.

சிம்மக்கல் சர்வர் எழுதியது:

ஃபார், எஃப், இன், பிறகு டாலர் அடைப்புக்குறிக்குள் எல்எஸ். உள்ளே அச்சிட எக்கோ. இதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. எல்எஸ்ஸும் கோப்புகளைத்தான் வரிசையாகக் கொடுக்கிறது, நட்சத்திரமும் கோப்புகளைத்தான் வரிசையாகக் கொடுக்கிறது. இரண்டும் ஒன்றுதான். ஒன்பது வரி வந்தது உண்மை.

வைகைக்கரையான் எழுதியது:

இரண்டும் ஒன்றல்ல. இதற்காகத்தான் இரண்டு முறை கேட்டேன். எல்எஸ்ஸை அடைப்புக்குள் வைத்தால் அதன் வெளியீடு ஒரே நீளமான உரையாக ஷெல்லிடம் வருகிறது. எந்த இடத்தில் ஒரு பெயர் முடிகிறது என்ற தகவல் அந்த உரையில் இல்லை. மேற்கோள் இல்லாததால் ஷெல் இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டுகிறது. நட்சத்திரத்தை விரிப்பது ஷெல்லே. எது எந்தப் பெயர் என்று அதற்குத் தெரியும். மூன்று கோப்பு என்றால் மூன்று சுற்று. வகுப்பில் நீங்கள் சொன்னது நட்சத்திரம், ஓட்டியது எல்எஸ். அந்த முப்பது பேரும் தவறான ஒன்றை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், எனக்கு ஆத்திரம் அதனால்தான். அவர்களில் யாரோ ஒருவர் நாளைக்கு "இடைவெளிதான் இல்லையே" என்ற நம்பிக்கையில் மேற்கோள் இல்லாமல் ஆர்எம் எழுதுவார். வாடிக்கையாளர் ஒருவர் வாட்ஸ்அப்பிலிருந்து பதிவிறக்கிய படத்தை அப்படியே அந்தக் கோப்புறையில் போடுவார். அந்தப் பெயரில் எத்தனை இடைவெளி என்று எண்ணிப் பாருங்கள்.

மேலூர் முனையம் எழுதியது:

நான் மாக் வைத்திருக்கிறேன். மேற்கோள் இல்லாமல் டாலர் எஃப் போட்டு ஓட்டினேன், ஒன்றும் உடையவில்லை. ஆகவே இரண்டு பேர் சொல்வதும் தவறு.

வைகைக்கரையான் எழுதியது:

மாக்கில் 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து இயல்பான ஷெல், இசட்-ஷெல். மேற்கோள் இல்லாத மாறியை அது இடைவெளியில் வெட்டுவதில்லை என்பது அதை உருவாக்கியவர்கள் எடுத்த முடிவு. வெட்டும் வழக்கம் 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த ஸ்டீபன் பார்னின் ஷெல்லில் இருந்தது, அங்கிருந்துதான் லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஷெல்லான பாஷுக்கும் வந்தது. அதே ஸ்கிரிப்ட்டை சர்வரில் பாஷில் ஓட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்.

சிம்மக்கல் சர்வர் எழுதியது:

மேற்கோள் மேற்கோள் என்று கோவில் மணி மாதிரி அடித்துக்கொண்டே இருக்கிறீர்களே, 2015-இல் லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியின் ஸ்கிரிப்ட் ஒருவருடைய கோப்புகள் அத்தனையையும் அழித்தது நினைவிருக்கிறதா? அந்த ஆர்எம் வரியில் மாறி இரட்டை மேற்கோளுக்குள்தான் இருந்தது. உங்கள் மேற்கோள் அங்கே யாரைக் காப்பாற்றியது?

திருமங்கலத்தான் எழுதியது:

2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவியும், கணினி இயங்கத் தேவையான யூஎஸ்ஆர் கோப்புறையையே அழித்ததே. அதுவும் இடைவெளியால் வந்த வினைதான்.

வைகைக்கரையான் எழுதியது:

பம்பிள்பீயில் இடைவெளி கோப்பின் பெயரில் இல்லை, ஸ்கிரிப்ட் எழுதியவரின் கைப்பிழையில் இருந்தது: யூஎஸ்ஆருக்குப் பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்துவிட்டது. அதை இந்தப் பேச்சோடு சேர்க்க வேண்டாம்.

ஸ்டீம் விஷயத்தில் மாறி காலியாகிவிட்டது. காலியான மாறிக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் நின்றால் மிஞ்சுவது வேரிலிருந்து, அதாவது எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலே உள்ள இடத்திலிருந்து, தொடங்கும் அழிப்பு. அதற்கு மருந்து வேறு: மாறியை நெளி அடைப்புக்குள் வைத்து, உள்ளேயே அதன் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து எழுதினால், காலியாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். காய்ச்சல் மாத்திரை எலும்பு முறிவுக்குக் கேட்கவில்லை என்பதற்காகக் காய்ச்சலுக்கும் அது வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

நீங்கள் 22 வருடம் என்று சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் நட்சத்திரம் உடைக்காது.

பெரியார் நிலையம் எழுதியது:

நான் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் கணினி பார்க்கிறேன். சர்வர் சார் சொல்கிறபடி உள்ளே வரும் கோப்புகளின் இடைவெளியை எல்லாம் அடிக்கோடாக மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றைப் போன வருடம் போட்டேன். ஒரே வீட்டாரிடமிருந்து "அழைப்பிதழ் 2" என்று ஒன்றும், ஏற்கெனவே அடிக்கோடு போட்டு "அழைப்பிதழ்_2" என்று ஒன்றும் வந்திருந்தன. இரண்டும் ஒரே பெயராகி, ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டு, பெண் வீட்டுப் பெயர்கள் திருத்திய பிரதி போய்விட்டது. பெயர் மாற்றும் எம்வி கட்டளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உட்கோப்புறைகளில் கிடக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து எப்படிப் பாதுகாப்பாக எழுதுவது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

சிம்மக்கல் சர்வர் எழுதியது:

எம்வியோடு மைனஸ் என் போட்டிருந்தால் மேலே எழுதியிருக்காது. அது உங்கள் கவனக்குறைவு, அடிக்கோட்டின் குற்றம் இல்லை.

வைகைக்கரையான் எழுதியது:

அக்கா, உட்கோப்புறைகளிலும் கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையோடு பிரிண்ட் ஜீரோ, அந்தப் பெயர்களை வாங்கி இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸோடு மைனஸ் ஜீரோ என்று கொடுங்கள். பெயர்களுக்கு நடுவே சுழி பைட் வரும். கோப்புறையோடு சேர்ந்த முழுப் பெயரில் சாய்கோடு வரும்; அதற்குள்ளும் இருக்க முடியாத குறி சுழி பைட் மட்டும்தான். ஆகவே இடைவெளி இருந்தாலும் புதுவரியே இருந்தாலும் பெயர் உடையாது. நெடுங்காலம் குனு கருவிகளிலும் பிஎஸ்டியிலும் இருந்த இதை 2024 பாசிக்ஸ் தரத்திலும் சேர்த்துவிட்டார்கள். எழுதி முடித்ததும், ஸ்கிரிப்ட்டில் பிழை தேடும் ஷெல்செக்கில் ஒருமுறை ஓட்டுங்கள். மேற்கோள் விடுபட்ட இடத்தை 2086 என்ற எண் போட்டு எச்சரிக்கும்.

சர்வர் ஐயா, அவர் தவறியது கவனக்குறைவு என்கிறீர்கள். பெயரை மாற்றும் அந்த ஸ்கிரிப்ட் வேலை செய்ய வேண்டுமானால், மாற்றுவதற்கு முன் அந்தப் பெயர் இடைவெளியோடுதான் அதன் கையில் இருக்கும். அந்த எம்வி வரியில் மாறியை எப்படி எழுதுவீர்கள்? மேற்கோள் போட்டா, போடாமலா?

சிம்மக்கல் சர்வர் எழுதியது:

அந்த ஒரு வரியில் போடுவேன். அதற்காக எல்லா இடத்திலும் போட வேண்டும் என்று ஆகாது. லூப் உடைக்கும் என்று நான் சொன்னது சொன்னதுதான். அடுத்த ஞாயிறும் அதையே சொல்வேன்.

வைகைக்கரையான் எழுதியது:

சொல்லுங்கள். அந்தப் பையன் அதே மூன்று தேரோட்டப் படங்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். எல்எஸ்ஸை எடுத்துவிட்டு நட்சத்திரம் மட்டும் போட்டு, எக்கோவில் மாறியை மேற்கோளுக்குள் வைத்து, எத்தனை வரி வருகிறது என்று முப்பது பேருக்கும் காட்டுங்கள்.

சிம்மக்கல் சர்வர் எழுதியது:

எல்எஸ்ஸும் நட்சத்திரமும் ஒன்றுதான்.