மறு: டிகிரி-டே, தமிழ்ல எப்படிச் சொல்றது?

> நேரா "பாகைநாள்"னே வச்சிடலாமே, எதுக்கு இவ்ளோ இழுக்கணும்?

இழுக்கலைங்க ஐயா, டிகிரி-டேங்கிறது பூச்சி வளர ஒரு நாள்ல கிடைக்கிற சூட்டோட கணக்கு, பாகைன்னா டிகிரிதான், ஆனா பசங்க அத கோண அளவாத்தான் படிச்சிருக்காங்க. கும்பகோணம் பக்கத்து பள்ளிக்கூடத்துல எட்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு அறிக்கை எழுதுது, அதுகிட்ட பாகைன்னு சொன்னதும் "கோணத்துக்கும் புழுவுக்கும் என்ன சார் சம்பந்தம்"னு கேக்குது. நியாயமான கேள்விதானே.

புதுசா சேந்தவங்களுக்காக சோதனைய சொல்லிடறேன். கறிவேப்பிலை செடியில எலுமிச்சை பட்டாம்பூச்சி வச்ச முட்டைகள எடுத்து ரெண்டு டப்பாவா பிரிச்சு, ஒண்ண வகுப்பறையிலயும் இன்னொண்ண தகரக் கொட்டாயிலயும் வளத்திருக்காங்க. இந்தப் புழு மொத நாலு பருவம் காக்கா எச்சம் மாதிரியே இருக்கும், அஞ்சாம் பருவத்துலதான் பச்சையாகும், அதனால பசங்களுக்கு அடையாளம் வைக்க சுலபம். கொட்டாயில இருந்தது சீக்கிரமே பச்சையாகி கூட்டுப்புழுவாச்சு. இப்ப கேள்வி என்னன்னா எத்தன நாள்னு எழுதினா பத்தாது, ஏன்னா புழுவோட வளர்ச்சி காலண்டர பாத்து ஓடல, சூட்ட பாத்து ஓடுது.

டிகிரி-டே கணக்கு இதுதான்: அன்னிக்கு அதிகபட்சத்தையும் குறைஞ்சபட்சத்தையும் கூட்டி ரெண்டால வகுத்து, எந்த சூட்டுக்கு கீழ புழு வளராம நிக்குமோ அதை கழிக்கணும். மேட்டு வயல் மடைய நினைச்சுக்குங்க, வாய்க்கால் தண்ணி மடைக்கு கீழ ஓடுற வரைக்கும் வயலுக்கு ஒரு சொட்டு ஏறாது, மேல எவ்ளோ நிக்குதோ அதான் நம்ம கணக்கு. பேச்சுக்கு அடிமட்டம் 10 டிகிரின்னு வைங்க. வெயில்காலத்துல 36, 24 அடிச்சா சராசரி 30, கழிச்சா 20 கிடைக்குது. மார்கழியில 28, 20ன்னா வெறும் 14. புழுப் பருவம் முடியறதுக்கு மொத்தம் 280 சேரணும்னா அங்க 14 நாள், இங்க 20 நாள். 1735லயே ரேமூர்ங்கிற பிரெஞ்சுக்காரர் பயிருக்கு இந்த மாதிரி தினசரி சூட்ட கூட்டிப் பாத்திருக்கார். நெல்லுல வர்ற இலைச்சுருட்டுப் புழு எப்ப கிளம்பும்னு கணிக்கிறதுக்கும் இதே வழிதான், அதனால இந்த சொல்லு பசங்க அறிக்கையோட நிக்கப்போறதில்ல, உழவர் காதுக்கும் போகும்.

"வெப்பநாள்" எனக்கு பிடிக்கல, கேக்கறவன் வெயில் கொளுத்துற நாள்னுதான் நினைப்பான். என் யோசனை: தினசரி கிடைக்கறது "வளர்வெப்பம்", அதோட மொத்தம் "வெப்பத்திரள்", கழிக்கிறது "அடிமட்ட வெப்பநிலை".

---

> தினசரி கிடைக்கறது "வளர்வெப்பம்"

தம்பி, வினைத்தொகை அழகாத்தான் இருக்கு, ஆனா வளர்பிறை மாதிரி "வளர்ந்துகிட்டே போற வெப்பம்"னும் படிக்கலாமே, புவி சூடாகுற கட்டுரையில எவனாவது தூக்கிப் போட்டுடுவான். "வளர்ச்சிவெப்பம்"னு வைங்க, ஓசை கொஞ்சம் மொத்தைதான், பொருள் தப்பாது. வெப்பத்திரளுக்கு என் ஓட்டு உண்டு. பாகைநாள அலகா மட்டும் அட்டவணை தலைப்புல வச்சுக்கலாம், தூக்கி எறிய வேணாம்.

ஒண்ணு விட்டுட்டீங்க. சூடு ஏற ஏற வளர்ச்சி ஏறிகிட்டே போகாது, ஒரு அளவுக்கு மேல போனா மந்தமாகி புழு செத்தே போகும், தகரக் கொட்டாயில மதியம் அதுவும் நடக்கும். அதவிட கொஞ்சம் கம்மியான சூட்டுலயும் வேற ஒரு விஷயம் இருக்கு, சீக்கிரம் வளர்ற பூச்சி பெரும்பாலும் சின்னதாத்தான் முடியும், அந்தப் பொண்ண கூட்டுப்புழுவ எடை போட்டு எழுதச் சொல்லுங்க. அந்த மேல் எல்லைக்கும் ஒரு பேர் வேணும்ல? "உச்சவரம்பு"ன்னு மட்டும் வச்சிடாதீங்க, தஞ்சாவூர் ஜில்லால அந்த வார்த்தைய சொன்னா 1961 நில உச்சவரம்புச் சட்டத்துக்குதான் போவாங்க, புழு மறந்துபோயிடும். அடிமட்டத்துக்கு ஜோடியா "மேல்மட்ட வெப்பநிலை" போதும்.